மாலுக்குள் நீலப் புள்ளி தடுமாறினால்

பெரிய மாலுக்குள் நுழைந்ததும் கூகுள் மேப்பில் நம் நீலப் புள்ளி சில சமயம் பக்கத்துத் தெருவுக்குத் தாவிவிடும். செயற்கைக்கோள் சிக்னல் கான்கிரீட் கூரையைத் தாண்டி வருவது கஷ்டம். உள்ளே கைகொடுப்பது வைஃபை ரவுட்டர்களும், சிக்னல் அனுப்பும் சின்னக் கருவிகளான புளூடூத் பீக்கன்களும்தான். ஆண்ட்ராய்டு போனில் செட்டிங்ஸ், லொகேஷன், லொகேஷன் சர்வீசஸ் என்று போய் வைஃபை ஸ்கேனிங், புளூடூத் ஸ்கேனிங் இரண்டையும் ஆன் செய்யுங்கள். மெனு பெயர் மாறியிருந்தால் செட்டிங்ஸில் 'ஸ்கேனிங்' என்று தேடுங்கள். எந்த வைஃபையிலும் இணைய வேண்டாம், பாஸ்வேர்டும் தேவையில்லை. ரவுட்டர்களின் சிக்னல் பலத்தைப் போன் அளந்தாலே போதும். அப்புறம், வைஃபையை அணைத்தாலும் இந்த ஸ்கேனிங் ஓடிக்கொண்டிருக்கும். அது பிடிக்காதவர்கள் வெளியே வந்ததும் நிறுத்திவிடலாம். பேஸ்மென்ட் பார்க்கிங்கில் மட்டும் இதை நம்பாதீர்கள். அங்கே தூண் எண்ணை போட்டோ எடுத்துக்கொள்வதே மேல்.