நிறவெறிக்கு எதிரான மேடைக் கவிதையைக் கேட்கும் முறை

அமெரிக்கக் கறுப்பினக் கவிஞர்கள் ஸ்லாம் மேடைகளில், அதாவது நடுவர்கள் மதிப்பெண் போடும் கவிதைப் போட்டிகளில், சொல்லும் கவிதைகள் பெரும்பாலும் 3 நிமிடத்துக்குள் முடியும். போட்டி விதி அப்படி. 10 நொடி சலுகை உண்டு, தாண்டினால் மதிப்பெண் குறையும். ஆகவே ஒரே கவிதையை மூன்று முறை கேட்கலாம். காணொளியில் கேட்பதானால், அடுத்தது தானாக ஓடாதபடி ஆட்டோபிளேயை முதலில் அணைத்துவிடுங்கள்.

முதல் முறை ஹெட்போன் மாட்டி, போனைக் கவிழ்த்து வைத்துக் கேளுங்கள். திரையில் வரிகள் ஓடினால் கண் முந்திக்கொள்ளும், கவிஞர் விடும் மௌனம் நமக்குக் கிடைக்காது. அடி விழுவதே அந்த மௌனத்தில்தான். ஆங்கிலம் பாதி புரிந்தாலும் பரவாயில்லை.

அடுத்து, கவிதையில் வரும் பெயர்களைத் தேடிப் படியுங்கள். இதைத் தவிர்ப்பவர்களுக்குத்தான் கவிதை வெறும் கூச்சலாகத் தெரிகிறது. உதாரணமாக எமெட் டில், 1955இல் மிசிசிப்பியில் வெள்ளையர்கள் அடித்துச் சுட்டுக் கொன்ற 14 வயதுக் கறுப்பினச் சிறுவன். சிதைந்த முகத்தை உலகம் பார்க்கட்டும் என்று சவப்பெட்டியைத் திறந்தே வைக்கச் சொன்னார் அவன் அம்மா. கவிதைகளில் வரும் 'மூச்சுவிட முடியவில்லை' என்ற வரி, 2014இல் நியூயார்க்கில் போலீஸ் பிடியில் இறந்த கறுப்பினத்தவர் எரிக் கார்னர் 11 முறை சொன்னது. இது தெரிந்தபின் மறுபடி கேளுங்கள். அந்த வரியில் கவிஞரின் மூச்சு ஏன் திணறுகிறது என்று விளங்கும்.

மூன்றாம் முறை வரிகளைக் கையில் வைத்து, அவர் மூச்சு வாங்கும் இடங்களில் கோடு போட்டு, நீங்களே உரக்கச் சொல்லிப் பாருங்கள். தொண்டை அடைத்தால் அங்கேயே நில்லுங்கள். 'நம்ம ஊரிலும் சாதி இருக்கே' என்று உடனே தாவாதீர்கள். ஒப்பீடு நியாயம்தான், ஆனால் முதலில் அவர்கள் துயரம் முழுதாகக் காதில் விழட்டும்.

நேரில் கேட்டால் நடுவில் கைதட்ட வேண்டாம், குரல் அமுங்கும். விரல் சொடுக்குவதே அங்கே வழக்கம்.