பெயர் மாறியில் இருந்தால் பண்பை எடுப்பது எப்படி: என் அனுபவம்

ஜாவாஸ்கிரிப்ட்டில் ஓர் அட்டவணையை, பயனர் தேர்ந்தெடுக்கும் நெடுவரிசைப்படி அடுக்க வேண்டியிருந்தது. அட்டவணையின் ஒவ்வொரு வரிசையும் 'வரி' என்ற ஆப்ஜெக்ட்; அதில் ஒவ்வொரு நெடுவரிசையும் ஒரு பண்பு, அதாவது பெயரிட்ட மதிப்பு. அடுக்க வேண்டிய நெடுவரிசையின் பெயர் 'புலம்' என்ற மாறியில் வரும். 'வரி.புலம்' என்று புள்ளி வைத்தால் அன்டிஃபைன்ட்தான் (மதிப்பு இல்லை என்பதற்கான குறி) கிடைக்கும். அது 'புலம்' என்ற பெயரிலேயே பண்பைத் தேடும், மாறிக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்காது. சதுர அடைப்புக்குறி போட்டு 'வரி[புலம்]' என்று எழுதியதும் சரியாக வந்தது. ஒவ்வொரு நெடுவரிசைக்கும் தனித்தனியாக இஃப் நிபந்தனை எழுதும் தேவை இல்லாமல் போனது.

அப்புறம்தான் முக்கியமான விஷயம். அந்தப் பெயர் உலாவியின் முகவரிப் பட்டியிலிருந்து வருகிறது. யாராவது அங்கே 'கன்ஸ்ட்ரக்டர்' என்று ஆங்கிலத்தில் அடித்தால், நாம் வைக்காத பண்பும் புரோட்டோடைப் (ஆப்ஜெக்ட் தானாகப் பண்புகளைப் பெறும் மூல ஆப்ஜெக்ட்) வழியாகக் கிடைத்துவிடும். அதனால் ஜாவாஸ்கிரிப்ட்டின் 2022 தரத்தில் வந்த 'ஆப்ஜெக்ட்.ஹேஸ்ஓன்' வைத்து, அந்தப் பண்பு வரியிலேயே நேரடியாக இருக்கிறதா என்று முதலில் சோதிக்கிறேன். அந்தப் பெயரில் பண்பு இல்லையென்றால் தேதிப்படியே அடுக்கிவிடும்.