வேறு சபைக் கிறிஸ்தவரை மணக்கும் கத்தோலிக்கர் செய்ய வேண்டியவை

மணமக்களில் ஒருவர் வேறு கிறிஸ்தவ சபையைச் சேர்ந்தவராக இருந்தால், அவர் கத்தோலிக்கராக மாறினால்தான் கோயிலில் திருமணம் நடக்கும் என்று பலர் இன்னும் நம்புகின்றனர். அப்படி ஒரு விதி இல்லை. 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 1124ஆம் பிரிவு, இத்தகைய திருமணத்தை ஆயரின் (மறைமாவட்டத் தலைவரின்) வெளிப்படையான அனுமதியின்றி நடத்தக் கூடாது என்றே சொல்கிறது.

எனவே மண்டபத்துக்கு முன்பணம் கட்டுவதற்கு முன்பே பங்குத்தந்தையைச் (உங்கள் கோயிலின் பொறுப்புக் குருவைச்) சந்தியுங்கள். ஆயரகத்துக்கு விண்ணப்பம் அனுப்புபவர் அவரே. கத்தோலிக்கரின் திருமுழுக்குச் (ஞானஸ்நானச்) சான்றிதழ் அண்மையில் பெற்றதாக இருக்க வேண்டும். பழைய நகல் போதாது. ஏனெனில் முந்தைய திருமணம் ஏதேனும் நடந்திருந்தால், அந்தக் குறிப்பு திருமுழுக்குப் பதிவேட்டில்தான் சேர்க்கப்பட்டிருக்கும்.

மற்றவரின் திருமுழுக்கே அதிகக் கவனம் கோருவது. தண்ணீராலும், தந்தை, மகன், தூய ஆவியின் பெயராலும் கொடுக்கப்பட்டிருந்தால், அது எந்தச் சபையில் நடந்திருந்தாலும் பொதுவாக ஏற்கப்படும். இரட்சணிய சேனையைப் போலத் தண்ணீர்த் திருமுழுக்கு கொடுக்காத சபையில் மட்டுமே வளர்ந்தவர், திருச்சபைச் சட்டத்தின் பார்வையில் திருமுழுக்குப் பெறாதவராவார். அப்போது அனுமதி போதாது; 1086ஆம் பிரிவு விதிக்கும் தடையிலிருந்து ஆயர் தரும் விலக்கான தடைநீக்கம் பெற்றாக வேண்டும். அனுமதியின்றி நடந்த திருமணம் முறைகேடானதே தவிர, அதனால் மட்டும் செல்லாததாகிவிடாது. தடைநீக்கமின்றி நடந்ததோ செல்லவே செல்லாது.

கத்தோலிக்கர் தம் விசுவாசத்தை இழக்கும் ஆபத்துகளை விலக்குவதாகவும், பிள்ளைகள் அனைவருக்கும் கத்தோலிக்கத் திருமுழுக்கு அளித்து அவ்வாறே வளர்க்கத் தம்மால் இயன்றதையெல்லாம் செய்வதாகவும் வாக்களிக்க வேண்டும். 1917ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் மற்றவரும் வாக்குறுதி தர வேண்டியிருந்தது. 1970இல் திருத்தந்தை ஆறாம் பவுல் வெளியிட்ட ஆணைக்குப் பின் அது கேட்கப்படுவதில்லை. ஆனால் துணைவரின் வாக்குறுதி இன்னது என்று அவருக்கு உரிய காலத்தில் தெரிவிக்கப்பட வேண்டும். பிள்ளைகளைப் பற்றிய இந்தப் பேச்சை மணமக்கள் தங்களுக்குள் முதலில் பேசி முடித்துவிட்டுப் பங்குத்தந்தையிடம் போவதே நல்லது என்பது என் கருத்து.

திருமணம் பங்குத்தந்தை போன்ற அதிகாரம் பெற்றவர் முன்னிலையிலும் இரண்டு சாட்சிகள் முன்னிலையிலும் நடக்க வேண்டும். இது தவறினால் திருமணம் செல்லாது. மற்றவரின் ஆலயத்தில் நடத்தத் தக்க காரணம் இருந்தால், இந்தத் திருமண முறையிலிருந்து விலக்களிக்குமாறு ஆயரிடம் முன்கூட்டியே கேட்கலாம். ஆர்த்தடாக்ஸ் சபையினருடனான திருமணம் மட்டும், அவர்களுடைய குருவின் பங்கேற்புடன் நடந்திருந்தால் விலக்கில்லாமலும் செல்லும். எனினும் முறையாக அமைய விலக்குப் பெற வேண்டும். காலையில் ஓர் ஆலயம், மாலையில் இன்னோர் ஆலயம் என்று சம்மதத்தை இருமுறை வெளிப்படுத்துவதற்கு 1127ஆம் பிரிவு இடமளிப்பதில்லை. மற்றச் சபையின் போதகர் வந்து மன்றாட்டோ வாசிப்போ நடத்துவதற்குத் தடையில்லை. சம்மதத்தைக் கேட்பவர் ஒருவராகவே இருக்க வேண்டும். திருப்பலியில் மற்றவருக்கு நற்கருணை பொதுவாகக் கொடுக்கப்படாது என்பதால், பல குருக்கள் திருப்பலியில்லாத திருமணச் சடங்கையே பரிந்துரைக்கின்றனர்.

மற்றவர் முன்பே மணமுடித்து அரசு நீதிமன்றத்தில் விவாகரத்துப் பெற்றிருந்தால், அது போதாது. முந்தைய திருமணத்தைத் திருச்சபை நீதிமன்றம் ஆராய்ந்து முடிவு சொல்லும்வரை நாள் குறிக்காதீர்கள்.

விலக்குப் பெற்று வேறு ஆலயத்தில் திருமணம் நடந்திருந்தால், அந்த விவரத்தைத் தம் பங்குத்தந்தைக்குக் கூடிய விரைவில் தெரிவித்துப் பதிவேட்டில் எழுதச் செய்வது கத்தோலிக்கத் துணைவரின் கடமையாகும்.