தன்னார்வ ஸ்கூபா கிளப்பில் முக்குளிக்கும் நாளும் அதற்கு முந்தின நாளும்

சம்பளத்துக்கு ஆள் வைத்து நடத்தும் இடத்தில் முதுகில் மாட்டும் காற்றுச் சிலிண்டர் நிரப்ப ஒருவர், படகில் பெயர் எழுத ஒருவர், திரும்பி வந்ததும் சாமான் கழுவ ஒருவர் இருப்பார். தன்னார்வ கிளப்பில் அத்தனையும் உறுப்பினர் தலையில்தான். இங்கே விபத்துக்கு வழி வைப்பது "யாராவது பாத்திருப்பாங்க" என்ற நினைப்பு. அதனால் ஒவ்வொரு சோதனைக்கும் ஒரே ஒருவர் பொறுப்பு. செய்து முடித்ததும் நோட்டில் அவர் கையெழுத்து. இருவரிடம் ஒப்படைத்த வேலையை இருவருமே செய்யாமல் விடுவது சுலபம்.

கீழே உள்ள கணக்கெல்லாம் சென்னை, புதுச்சேரி பக்கம் 18 மீட்டருக்குள் சாதாரண காற்றில் முக்குளிப்பவர்களுக்கானது. சிலிண்டர் 11.1 லிட்டர் அலுமினியம், 200 பார் அழுத்தம். மீனவரிடம் பேசும்போது இரண்டு சொல்லில் கவனம் வேண்டும். அவர்கள் 'பார்' என்றால் கடலடிப் பாறைத்திட்டு. நமக்கு அது கேஜில் தெரியும் அழுத்தம். ஆழத்தைப் பாகத்தில் சொல்வார்கள். ஒரு பாகம் ஏறக்குறைய 1.8 மீட்டர், பத்துப் பாகம் என்றால் நம்முடைய 18 மீட்டர்.

காற்று நிரப்புவது

நிமிடத்துக்கு 100 லிட்டர் தரும் சின்ன கம்ப்ரஸர் ஒரு சிலிண்டரை நிரப்ப 22 நிமிடம் எடுக்கும். பத்து சிலிண்டருக்கு நாலு மணி நேரம் ஓடிவிடும். ஆகவே முந்தின நாளே ஆரம்பியுங்கள். விடியற்காலையில் அவசரமாக நிரப்பினால் சிலிண்டர் சூடாகும். 50 டிகிரி சூட்டில் 200 பார் காட்டியது, 30 டிகிரிக்கு ஆறியதும் 187 பார்தான் இருக்கும். அது கசிவு என்று நினைத்து வால்வைக் கழற்றாதீர்கள்.

பெட்ரோல் இன்ஜின் கம்ப்ரஸர் என்றால் புகை ஒரு பக்கம் போக, காற்று உறிஞ்சும் குழாயின் வாய் எதிர்ப்பக்கம் ஆள் உயரத்துக்கு மேலே இருக்க வேண்டும். நம் கரையில் பலரும் தவறுவது இங்கேதான். காலையில் தரைக்காற்று மேற்கிலிருந்து வரும். உச்சிப் பொழுதை ஒட்டிக் கடல்காற்று கிழக்கிலிருந்து திரும்பும். எட்டு மணிக்குச் சரியாக வைத்த குழாய், பன்னிரண்டு மணிக்குத் தன் புகையையே குடிக்கும். ஒரு சிலிண்டர் முடிந்து அடுத்ததை மாட்டும்போதெல்லாம் காற்றுத் திசையைப் பாருங்கள். குழாய் வாயில் ஒரு ரிப்பன் கட்டிவைத்தால் எட்ட இருந்தே தெரியும்.

இதற்கு ஏன் இவ்வளவு வற்புறுத்தல் என்றால், கார்பன் மோனாக்சைடுக்கு மணம் கிடையாது. மூக்கால் கண்டுபிடிக்கக் கூடியது எண்ணெய் வாடை மட்டும்தான். 18 மீட்டரில் சுற்றழுத்தம் மேற்பரப்பைப் போல 2.8 மடங்கு, மேலே 10 பங்கு இருந்த நஞ்சு கீழே 28 பங்காக வேலை செய்யும். சுவாசக் காற்றுக்கான ஐரோப்பியத் தரம் பத்து லட்சத்தில் 5 பங்குக்கு மேல் அனுமதிப்பதில்லை. கிளப்பில் எதை வாங்காவிட்டாலும் ஒரு கார்பன் மோனாக்சைடு மீட்டர் வாங்குங்கள். ஒவ்வொரு சிலிண்டரின் காற்றையும் அதில் காட்டி எண்ணை எழுதுங்கள்.

பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை கம்ப்ரஸரில் சேரும் நீரை வடிக்கும் டிரெய்ன் வால்வைத் திறந்து, பால் போல் சீறும் நீர் நிற்கும்வரை விடுங்கள். விடாவிட்டால் அந்த நீர் ஃபில்டருக்குள் ஏறும். ஈரம் பட்ட ஃபில்டர் எண்ணெயையும் நஞ்சையும் பிடித்து வைக்காது. ஃபில்டர் ஆயுள் பற்றிக் கையேட்டில் போட்டிருக்கும் மணிக்கணக்கு 20 டிகிரி வெப்பத்துக்கானது. நம் ஊர்ப் புழுக்கத்தில் அதில் பாதி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏப்ரல், மே மாதங்களில் அதற்கும் குறைவு.

நிரப்பி முடித்ததும் வால்வ் வாயில் காகித டேப் ஒட்டி அழுத்தம், தேதி, நிரப்பியவர் பெயர் எழுதுங்கள். டேப் இல்லாத சிலிண்டர் காலி என்றே கணக்கு. சிலிண்டரின் தோள்பட்டையில் குத்தியிருக்கும் ஹைட்ரோ டெஸ்ட் (நீர் அழுத்தத்தில் சிலிண்டரின் பலம் பார்க்கும் சோதனை) தேதி ஐந்து ஆண்டைத் தாண்டியிருந்தால் கம்ப்ரஸர் பக்கமே கொண்டுபோகக் கூடாது.

மாட்டியபின் ஒரு சோதனை

வால்வை முழுக்கத் திறந்தீர்களா, முழுக்க மூடிக் கொஞ்சம் மட்டும் திறந்தீர்களா என்பது கைக்குத் தெரியாது. கொஞ்சமே திறந்த வால்வில் படகிலே மூச்சு நன்றாக வரும், ஆழத்தில்தான் அடைக்கும். கண்டுபிடிக்கும் வழி ஒன்று உண்டு. சிலிண்டர் காற்றை வாய்க்குக் கொண்டுவரும் ரெகுலேட்டரில் நாலு மூச்சு பலமாக இழுங்கள். இழுக்கும்போது கண் கேஜின் முள்ளில் இருக்கட்டும். முள் அசையாமல் நின்றால் வால்வ் திறந்திருக்கிறது. ஒவ்வொரு மூச்சுக்கும் முள் கீழே விழுந்து திரும்ப ஏறினால் சரியாகத் திறக்கவில்லை. கேஜைப் பாராமல் மூச்சு மட்டும் இழுத்துப் பார்ப்பது சோதனையே ஆகாது.

சேர்ந்து இறங்கும் ஜோடி ஒருவரை ஒருவர் பார்க்கும் வரிசை: பி.சி.டி. (காற்று ஊதி மிதப்பைக் கூட்டிக் குறைக்கும் அங்கி) ஊதுகிறதா, இறங்குகிறதா, எடை பெல்ட் எந்தக் கையால் கழற்ற வேண்டும், கொக்கிகள் எத்தனை, எங்கே, காற்று, மாற்று ரெகுலேட்டர், கடைசியாக மாஸ்க், ஃபின், கத்தி. வலை அறுக்கும் கத்தி கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும். பாறைத்திட்டுகளில் அறுந்து சிக்கிய வலை கிடக்கும்; கலங்கலில் நைலான் நரம்பு கண்ணுக்குத் தெரியாது.

எடை அதிகம் கட்டுவது புதியவர்களின் பொதுத் தவறு. முக்குளித்து முடித்து சிலிண்டரில் 50 பார் இருக்கும்போது, பி.சி.டி.யைக் காலி செய்து, சாதாரண மூச்சோடு அசையாமல் மிதந்து பாருங்கள். தண்ணீர் கண் மட்டத்தில் நின்றால் எடை சரி. நிறைந்த சிலிண்டரோடு இதே சோதனையைச் செய்தால் கூடுதலாக 2 கிலோ சேர்க்க வேண்டும். போகப்போகச் செலவாகும் காற்றின் எடை அது.

எப்போது மேலே திரும்புவது

"50 பாரில் மேலே வந்துடு" என்று எல்லா இடத்துக்கும் ஒரே விதி சொல்வது தவறு. ஜோடிக்குக் காற்று தீர்ந்து, இருவரும் உங்கள் சிலிண்டரிலிருந்து மூச்சு விட வேண்டிய நிலையைக் கணக்கில் எடுங்கள். பதற்றத்தில் ஆளுக்கு நிமிடம் 30 லிட்டர், இருவருக்கும் 60. 18 மீட்டரில் நிதானத்துக்கு வர ஒரு நிமிடம்: 168 லிட்டர். நிமிடத்துக்கு 9 மீட்டர் வேகத்தில் 5 மீட்டர் வரை ஏற: 186. உடம்பில் கரைந்த நைட்ரஜன் வெளியேற அங்கே 3 நிமிடம் நிற்க: 270. மிச்ச தூரத்துக்கு 42. ஆக 666 லிட்டர். 11.1 லிட்டர் சிலிண்டரில் அது 60 பார். கேஜின் பிழைக்கு இடம் விட்டு, 18 மீட்டரில் 70 பாரிலேயே ஏற ஆரம்பியுங்கள். 12 மீட்டரில் இதே கணக்கு 48 பார்தான் வரும்; அங்கே 50 என்பது விளிம்பு, 60 நல்லது.

நிமிடத்துக்கு 20 லிட்டர் இழுப்பவருக்கு 18 மீட்டரில் கிடைப்பது 25 நிமிடம். அதற்கு மேல் திட்டமிட்டால் அந்தக் காற்று ஜோடியின் பங்கிலிருந்துதான் வரும்.

ஜோடி கண்ணிலிருந்து மறைந்தால் ஒரு நிமிடம் சுற்றிப் பாருங்கள், பிறகு மேலே வாருங்கள். இருவரும் இதையே செய்தால் மேலே சந்தித்துவிடலாம். கீழேயே தேடிக்கொண்டு நிற்பவரால்தான் தேடல் இரண்டாகிறது.

படகில்

முத்துக்குளித்த காலத்தில் கயிறு பிடிக்க மச்சானைத்தான் நிறுத்துவார்கள் என்று கடற்கரையில் சொல்வதுண்டு. அந்த நம்பிக்கைக்குரிய இடம் இப்போது படகுப் பொறுப்பாளருடையது. அவர் அன்று தண்ணீரில் இறங்கக் கூடாது.

பலகையில் எண் போட்ட வில்லைகள் தொங்கட்டும். இறங்குபவர் தன் வில்லையைத் தானே எடுத்து பி.சி.டி.யில் மாட்டுவார், ஏறியதும் தானே திரும்பத் தொங்கவிடுவார். அடுத்தவர் வில்லையை யாரும் தொடக் கூடாது. இதற்கு மேல், நங்கூரம் தூக்குமுன் பெயர் சொல்லிக் கூப்பிட்டு ஒவ்வொருவர் வாயிலிருந்தும் பதில் கேட்க வேண்டும். தலை எண்ணுவது போதாது. 1998 ஜனவரி 25-ல் ஆஸ்திரேலியாவின் பெரும் பவளத்திட்டில் ஒரு தம்பதியைக் கடலிலேயே விட்டுவிட்டுப் படகு கரை திரும்பியது. அவர்கள் இல்லை என்பது தெரியவே இரண்டு நாள் ஆயிற்று. அவர்கள் கடைசிவரை கிடைக்கவில்லை.

5 மீட்டரில் நிற்கும்போதே ஆரஞ்சு நிற மிதவைக் குழாயை மேலே விடுங்கள். கீழே ஆள் இருப்பதைக் காட்ட நம் படகில் பறக்கும் கொடிக்கு என்ன பொருள் என்று எல்லா ஃபைபர் படகுக்காரரும் அறிந்திருக்க மாட்டார்கள். முந்தின நாளே கிராமத்தில் போய் எந்தப் பாரில், எத்தனை மணிக்கு என்று சொல்லிவிட்டு வாருங்கள். நீவாடு (நீரோட்டம்) எந்தப் பக்கம், தண்ணீர் தெளிவா கலங்கலா என்பதற்கும் அவர்கள் சொல்தான் நம்பகமானது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான தடைக்காலத்தில் நிற்பவை விசைப்படகுகள். சின்னப் படகுகள் ஓடிக்கொண்டுதான் இருக்கும். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் கடல் தேசியப் பூங்கா என்பதால் அங்கே வனத்துறை அனுமதி இல்லாமல் இறங்கக் கூடாது. பவளம், கடல் அட்டை, கடல்குதிரை எதையும் எங்கேயும் எடுக்கக் கூடாது. உயிரற்ற பவளத் துண்டுக்கும் சட்டம் ஒன்றுதான்.

ஆக்ஸிஜன் படகிலேயே இருக்கட்டும். 1,500 லிட்டர் கொள்ளும் 'பி டைப்' சிலிண்டர், நிமிடத்துக்கு 15 லிட்டர் வீதம் 100 நிமிடம் வரும். கரைக்கு வரும் நேரத்தையும் மருத்துவமனைக்குப் போகும் நேரத்தையும் கூட்டிப் பார்த்து, போதாவிட்டால் இரண்டாவது எடுங்கள். தேங்காய் எண்ணெயோ சன்ஸ்கிரீனோ பட்ட கையால் அதன் வால்வைத் தொடாதீர்கள். அழுத்தத்தில் ஆக்ஸிஜனும் எண்ணெயும் சேர்ந்தால் தீப்பிடிக்கும். கடலோரக் காவல்படையின் 1554, ஆம்புலன்ஸ் 108, முக்குளித்தவருக்குச் சிகிச்சை தரும் அழுத்த அறை வேலை செய்யும் மருத்துவமனையின் எண் மூன்றையும் படகிலேயே பெயின்ட்டில் எழுதிவையுங்கள். அந்த மருத்துவமனைக்கு ஒவ்வொரு சீசன் தொடக்கத்திலும் போன் செய்து கேட்டுக்கொள்ளுங்கள்.

மூட்டுவலி, மரத்துப்போதல், வழக்கத்துக்கு மாறான களைப்பு எல்லாம் அழுத்தம் குறையும்போது உடம்பில் நைட்ரஜன் குமிழியாவதன் அறிகுறியாக இருக்கலாம்; எது வந்தாலும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அடுத்தவர் பயணத்தைக் கெடுக்கிறோமே என்று மறைத்து வைப்பது தன்னார்வ கிளப்பில் அதிகம். இதற்காகத் திரும்பிய படகை யாரும் குறை சொல்லக் கூடாது. பல முறை முக்குளித்தபின் விமானம் ஏற 18 மணி நேரம் விடுங்கள். அன்று இரவே கொடைக்கானலுக்குப் பேருந்து ஏறுவதும் அதே ஆபத்துதான். பெங்களூருவும் 900 மீட்டர் உயரம். புதுச்சேரியிலிருந்து இரவோடு இரவாகக் கார் ஓட்டிப் போகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

கழுவி வைப்பது

ரெகுலேட்டரின் தூசி மூடியைத் துடைத்து உலர்த்தி, மூடியபிறகே நன்னீரில் ஊறவையுங்கள். ஊறும்போது வாயில் வைக்கும் இரண்டாம் நிலையின் பர்ஜ் பட்டனை (காற்றைச் சீறவிடும் பொத்தான்) அழுத்தினால் தண்ணீர் குழாய் வழியே, சிலிண்டரில் மாட்டும் முதல் நிலைக்குள் போய்விடும். பி.சி.டி.யின் உள்ளே நன்னீர் ஊற்றிக் குலுக்கி, தலைகீழாகப் பிடித்து வடியுங்கள்.

பழுது தெரிந்த சாமானில் சிவப்பு ரிப்பன் கட்டித் தனிக் கூடையில் போடுங்கள். அதோடு ஒரு சீட்டு. 'சரியில்லை' என்று மட்டும் எழுதினால் பழுது பார்ப்பவருக்கு ஒன்றும் விளங்காது. மேசையில் வைத்துப் பார்க்கையில் நன்றாக வேலை செய்யும், திரும்ப அலமாரிக்கே போகும். '10 மீட்டருக்குக் கீழே, தலை கவிழ்ந்தால் மட்டும் இரண்டாம் நிலையில் தண்ணீர் வருகிறது' என்று தேதியும் பெயரும் போட்டு எழுதுங்கள்.