வேடந்தாங்கல் சந்திப்பு: தேதியையும் நேரத்தையும் சரிசெய்த கதை

சென்னையிலிருந்து ஆண்டுக்கு ஒருமுறை முப்பது பேர் கேமராவோடு வேடந்தாங்கல் பறவைகள் சரணாலயத்துக்குப் போகிறோம், ஏற்பாடு என் பொறுப்பு. முதல் இரண்டு வருடமும் சொதப்பியது. கோயம்பேட்டில் எல்லாரும் வந்துசேர்ந்து வேன் கிளம்பவே ஏழு மணி, ஏரிக்கரைக்குப் போவதற்குள் வெயில் சுள்ளென்று ஏறிவிட்டது, பறவைகளில் பாதி இரை தேடிச் சுற்றுவட்டார வயல்களுக்குப் பறந்துவிட்டன. அடுத்த வருடம் மழை பொய்த்து ஏரியில் தண்ணீரே இல்லை.

இப்போது தேதியை முன்கூட்டியே அறிவிப்பதில்லை. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்ததும் ஊரில் டீக்கடை வைத்திருக்கும் அண்ணனுக்கு போன் போட்டு, "ஏரி ரொம்பிடுச்சா, கூடு கட்டிடுச்சா?" என்று கேட்ட பிறகுதான் நாள் குறிப்பேன். பெரும்பாலும் ஜனவரியில் அமைகிறது. கிளம்புவதும் மதியம்தான். நாலு மணிக்குமேல் கூழைக்கடா, நத்தைக்குத்தி நாரை, கரண்டிவாயன் எல்லாம் கூட்டம் கூட்டமாகக் கூடு திரும்பும், அந்தச் சாய்ந்த வெளிச்சத்தில் இறகு ஒவ்வொன்றும் தெரியும், இதைப் பார்க்காமல் இரண்டு வருடம் வீணாக்கினோமே என்று இன்னும் மனசு அடித்துக்கொள்கிறது. இரவு மதுராந்தகத்தில் தங்கிவிட்டு, காலையில் திறந்ததும் மறுபடி உள்ளே.

அப்புறம், ஐந்து ஐந்து பேராகப் பிரித்து அனுப்புகிறேன், கேமரா முக்காலிகள் கரையை அடைப்பதில்லை. தீபாவளிக்குக்கூட வெடி வெடிக்காமல் பறவைகளைக் காக்கிற ஊர் அது, அதனால் பறக்கவைத்துப் படமெடுக்கக் கை தட்டுபவரை அடுத்த வருடம் அழைப்பதில்லை.