வீட்டு நாஸ் மக்கர் பண்ணினால் முதலில் அடாப்டரைப் பாருங்கள்

வீட்டு நெட்வொர்க்கில் ஃபைல்களைச் சேமித்து வைக்கும், இரண்டு ஹார்டு டிஸ்க் போடும் நாஸ் பெட்டி காலையில் எழவில்லை. முன்பக்க நீல விளக்கு மினுங்கிக்கொண்டே இருக்கிறது. பதறிப்போய் டிஸ்க்கைப் பிடுங்கி விண்டோஸ் கணினியில் மாட்டுவதுதான் பலரும் செய்வது. மாட்டியதும், டிஸ்க்கை இனிஷியலைஸ் செய்யவா என்று விண்டோஸ் கேட்கலாம். ஓகே கொடுத்துவிட்டால், டிஸ்க்கில் எந்தப் பகுதி எங்கே இருக்கிறது என்று சொல்லும் பார்ட்டிஷன் அட்டவணை போச்சு. நாஸ் டிஸ்க்கில் இருப்பது லினக்ஸ் வடிவம். விண்டோஸுக்கு அதைப் படிக்கத் தெரியாது. அந்தக் கேள்விக்கு கேன்சல் தவிர வேறு பதில் கிடையாது.

சந்தேகப்பட வேண்டிய வரிசை இது: மின்சாரம், தொடர்பு முனைகள், ராம், டிஸ்க், எல்லாம் சரியென்றால் மட்டும் போர்டு. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இங்கே உதாரணத்துக்கு சினாலஜியின் டிஎஸ்220 பிளஸ்: செலரான் ஜே4025 சில்லு, போர்டிலேயே பற்றவைத்த 2 ஜிபி ராம், கூடுதலாக ஒரு ராம் ஸ்லாட், 92 மிமீ ஃபேன் ஒன்று, 12 வோல்ட் 5 ஆம்பியர் அடாப்டர். வேறு கம்பெனிப் பெட்டி என்றாலும் பெரும்பாலானவை பொருந்தும்.

எழாத பெட்டி

பவரை அணைத்து, வயரைப் பிடுங்கி, டிஸ்க் மாட்டியிருக்கும் இரண்டு டிரேயையும் வெளியே எடுங்கள். எடுப்பதற்கு முன் டிரேக்களில் 1, 2 என்று மார்க்கரால் எழுதிவிடுங்கள். இப்போது டிஸ்க் இல்லாமல் ஆன் செய்யுங்கள். நீல விளக்கு சில நிமிடங்களில் மினுங்குவதை நிறுத்தி நிலையாக எரிந்தால் போர்டு உயிரோடு இருக்கிறது. டிஸ்க் போட்டால் மட்டும் விழுகிறது என்றால் பெரும்பாலும் அடாப்டர்தான்.

காரணம் எளிது. 3.5 அங்குல டிஸ்க் ஓடிக்கொண்டிருக்கும்போது 12 வோல்ட் லைனில் அரை ஆம்பியர்கூட இழுக்காது. சுழலத் தொடங்கும் அந்தச் சில நொடிகளில் 2 ஆம்பியர் வரை இழுக்கும். இரண்டு டிஸ்க், போர்டு, ஃபேன் எல்லாம் சேர்ந்தால் 5 ஆம்பியரை நெருங்கிவிடும். மூன்று நான்கு வருடம் சூட்டிலேயே கிடந்த அடாப்டரில் கபாசிட்டர்கள் காய்ந்திருக்கும். சுமை ஏறியதும் வோல்டேஜ் தொபுக்கென்று விழும். டிஸ்க் டக் டக் என்று சத்தம் போட்டு மறுபடி சுழல முயலும். டிஸ்க் போய்விட்டது என்று கடைக்கு ஓடுவது இந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான்.

வெறும் மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தால் செத்த அடாப்டரும் 12.1 காட்டும். சுமை கொடுத்துப் பார்க்க வேண்டும். ஆட்டோ ஸ்பேர்ஸ் கடையில் கிடைக்கும் 12 வோல்ட் 21 வாட் இண்டிகேட்டர் பல்பு இரண்டை பேரலலாக இணைத்தால் மூன்றரை ஆம்பியர் இழுக்கும். பல்பு எரியும்போது மீட்டரைப் பாருங்கள்: 11.6க்கு மேல் நின்றால் அடாப்டர் நன்றாக இருக்கிறது, 11.4க்குக் கீழே இறங்கினாலோ, பல்பு அணைந்து அணைந்து எரிந்தாலோ மாற்றிவிடுங்கள். பல்பு ஒரு நிமிடத்துக்குள் விரல் சுடும் அளவுக்குக் கொதிக்கும். பிளாஸ்டிக் மேல் வைக்காதீர்கள்.

புது அடாப்டர் 12 வோல்ட்டாக, 5 ஆம்பியருக்குக் குறையாமல் இருக்க வேண்டும். 6, 7 ஆம்பியர் என்றால் நல்லதே. பெட்டி தனக்குத் தேவையானதைத்தான் எடுக்கும். 19 வோல்ட் லேப்டாப் சார்ஜரின் பின் பொருந்துகிறதே என்று செருகிப் பார்க்க வேண்டாம். போர்டோடு டிஸ்க்கும் சேர்ந்து போகும். நடுப்பின் பாசிட்டிவ் என்பதை லேபிளில் உள்ள படத்தில் உறுதி செய்யுங்கள். பின்னின் உள்விட்டம் 2.1 மிமீ, 2.5 மிமீ என இரண்டு அளவில் வரும், வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுபோலவே இருக்கும். 2.5 பிளக்கை 2.1 சாக்கெட்டில் போட்டால் நுழையும், ஆனால் லூஸாக இருக்கும். அசைந்தால் ஆஃப் ஆகும், சூடாகிக் கருகவும் செய்யும். பழைய பிளக்கைக் கடைக்குக் கையோடு எடுத்துப் போங்கள்.

வீட்டு இன்வெர்ட்டரில் ஓடும் நாஸ் ஒவ்வொரு கரண்ட் கட்டுக்கும் ரீஸ்டார்ட் ஆகிறது என்றால் இன்வெர்ட்டரின் பின்னால் உள்ள சுவிட்சைப் பாருங்கள். பல மாடல்களில் நார்மல், யுபிஎஸ் என்று இரண்டு நிலை இருக்கும். நார்மல் நிலையில் மாறுவதற்கு எடுக்கும் நேரத்தை ஃபேனும் டியூப்லைட்டும் தாங்கும், அடாப்டர் தாங்காது. அதை யுபிஎஸ் நிலைக்கு மாற்றினாலே பாதித் தொல்லை போய்விடும். தனியாக யுபிஎஸ் வாங்குவதென்றால் யுஎஸ்பி டேட்டா போர்ட் உள்ளதாகப் பாருங்கள். விலை குறைந்த 600 விஏ பெட்டிகள் பலவற்றில் அது இருக்காது. அது இருந்தால்தான் பேட்டரி தீரும் முன் நாஸ் தானே ஒழுங்காக அணையும்.

எழுகிறது, உள்ளே நுழைய முடியவில்லை

பின்பக்கச் சிறு துளையில் ரீசெட் பொத்தான் உண்டு. பேப்பர் கிளிப்பால் 4 நொடி அழுத்தி, ஒரு பீப் கேட்டதும் விடுங்கள். அட்மின் கடவுச்சொல்லும் நெட்வொர்க் அமைப்பும் மட்டும் பழையபடி ஆகும், ஃபைல்களுக்கு ஒன்றும் ஆகாது. அந்த பீப்புக்குப் பின் உடனே மறுபடி 4 நொடி அழுத்தினால் மூன்று பீப் வரும். அது பெட்டியை இயக்கும் டிஎஸ்எம் மென்பொருளையே மறுபடி நிறுவும் வழி. அதிலும் டேட்டா தப்பும், ஆனால் அமைப்புகள் போகும். முதலாவதை முயலாமல் இரண்டாவதுக்குத் தாவ வேண்டாம்.

வேகம் 11 எம்பியில் நிற்கிறது

பெரிய ஃபைலை நகலெடுக்கும்போது நொடிக்கு 11, 12 எம்பி என்று ஆணி அடித்தாற்போல் நின்றால் அது டிஸ்க்கின் குறை அல்ல. இணைப்பு 100 மெகாபிட்டில் ஓடுகிறது. கிகாபிட்டுக்குக் கேபிளின் நான்கு ஜோடிக் கம்பிகளும் வேண்டும். 100 மெகாபிட்டுக்கு இரண்டு ஜோடி போதும்: 1, 2, 3, 6 ஆகிய பின்கள். 4, 5, 7, 8 பின்களில் ஒரு கம்பி அறுந்தாலும் கருவிகள் சத்தமில்லாமல் 100க்கு இறங்கிவிடும். கேபிளை மாற்றுங்கள். மாற்றியும் மாறவில்லை என்றால் ரவுட்டரைப் பாருங்கள். மலிவான ரவுட்டர்களில் எல்லாப் போர்ட்டும் 100 மெகாபிட்தான். ரவுட்டரை மாற்ற வேண்டியதில்லை. ஐந்து போர்ட் கிகாபிட் சுவிட்ச் ஒன்று வாங்கி, நாஸ், கணினி, ரவுட்டர் மூன்றையும் அதில் செருகினால் நாஸுக்கும் கணினிக்கும் இடையே 110 எம்பி கிடைக்கும். யுஎஸ்பி 2.5 கிகாபிட் அடாப்டர் போட்டு இதையும் தாண்டலாம்தான், ஆனால் டிரைவரை வெளியாட்களிடமிருந்து எடுத்து நிறுவ வேண்டும். டிஎஸ்எம் பெரிய அப்டேட் வரும்போதெல்லாம் உடையலாம். ரெய்டு 1ல், அதாவது ஒரே டேட்டாவை இரண்டு டிஸ்க்கிலும் நகலாக எழுதும் முறையில், ஓட்டும் வீட்டுக்கு அந்தத் தொந்தரவு தேவையில்லை.

ராம் கூட்டுதல்

பெட்டியைப் பிரிக்க வேண்டாம். டிரேக்களை எடுத்துவிட்டு டார்ச் அடித்துப் பார்த்தால் உட்சுவரில் ஸ்லாட் தெரியும். டிடிஆர்4, லேப்டாப் அளவு, இசிசி (பிழை திருத்தும் வசதி) இல்லாத 4 ஜிபி போட்டால் மொத்தம் 6 ஜிபி. கம்பெனி சொல்லும் உச்சம் இதுதான். 8 ஜிபி போட்டு ஓட்டுகிறவர்களும் உண்டு, ஆனால் ஜே4025க்கு இன்டெல் எழுதியிருக்கும் மொத்த வரம்பே 8 ஜிபி. ஃபோட்டோ, பேக்கப், டாக்கரில் ஓடும் ஒன்றிரண்டு செயலிகள் என்று இருந்தால் 6 தாராளம்.

ராம் குச்சியை முனையோடு நேராக உள்ளே தள்ளி, கிளிக் என்று உட்காரும் வரை அழுத்துங்கள். பொன்நிறத் தொடர்புகள் வெளியே தெரிந்தால் இன்னும் உட்காரவில்லை. பெட்டி எழாமல் பீப் அடித்தால் குச்சியைக் கழற்றி, தொடர்புகளை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்து மறுபடி போடுங்கள். அப்போதும் எழவில்லை என்றால் அந்த ராம் ஒத்துவரவில்லை, அவ்வளவுதான். எழுந்துவிட்டது என்பதற்காகவும் விட்டுவிடாதீர்கள்: கணினியில் சினாலஜி அசிஸ்டென்ட் நிறுவி அதிலுள்ள மெமரி டெஸ்ட்டை இரவு முழுக்க ஓடவிடுங்கள். கெட்ட ராம் தப்பாகக் கொடுத்ததை இரண்டு டிஸ்க்கும் பணிவாக ஒரே மாதிரி எழுதி வைக்கும். ரெய்டு அதைத் தடுக்காது.

ஃபேன்

கரகரவென்று சத்தம் வந்தாலோ, ஃபேன் ஃபெயில் என்று எச்சரிக்கை வந்தாலோ முதலில் தூசியைத் துடையுங்கள். ஊதுவதாக இருந்தால் இறக்கையை விரலால் பிடித்துக்கொண்டு ஊதுங்கள். மாற்றுவதென்றால் 92 மிமீ, 25 மிமீ தடிமன், 12 வோல்ட். இரண்டு விஷயத்தில் தவறு நடக்கும். ஒன்று திசை: சட்டத்தின் பக்கத்தில் உள்ள அம்புக்குறி பெட்டிக்கு வெளியே காட்ட வேண்டும், காற்று டிஸ்க்கைக் கடந்து பின்பக்கம் போகும்படி. இன்னொன்று வேகம்: சத்தமே வராத ஃபேன் என்று வாங்கிப் போட்டால், நாஸ் குறைந்த வேகம் கேட்கும்போது அது சுழலவே தொடங்காமல் நின்று, ஃபெயில் எச்சரிக்கை வந்துகொண்டே இருக்கும். அப்போது ஃபேன் வேகத்தை கூல் மோடுக்கு மாற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும். பழைய ஃபேனின் கம்பி வரிசையோடு புதியதை ஒப்பிடாமல் செருகாதீர்கள்.

டிஸ்க்கைப் படிப்பது, மாற்றுவது

டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே பதிந்து வைக்கும் ஸ்மார்ட் அட்டவணையில் நான்கு வரிசை எண்களைப் பார்த்தால் போதும். 5, 197, 198 ஆகியவை டிஸ்க் பரப்பின் கோளாறு. 5ல் சிறு எண் நிலையாக நின்றால் கவனித்துக்கொண்டிருக்கலாம். வாரத்துக்கு வாரம் ஏறினாலோ, 197 பூஜ்யத்துக்குத் திரும்பாமல் இருந்தாலோ மாற்றுங்கள். 199 வேறு கதை: அது டிஸ்க்குக்கும் போர்டுக்கும் நடுவில் உள்ள இணைப்பின் பிழை. டிரேயை எடுத்து இரு பக்கத் தொடர்புகளையும் துடைத்துப் போட்டால் ஏறுவது நின்றுவிடும். கடற்கரைப் பக்க வீடுகளில் இது அடிக்கடி வரும். இதன் கணக்கு ஒருபோதும் குறையாது. கூடுகிறதா என்று மட்டும் பாருங்கள்.

புது டிஸ்க் சிஎம்ஆர் வகையாக, அதாவது தடங்களைத் தனித்தனியாக எழுதுவதாக இருக்கட்டும். எஸ்எம்ஆர் டிஸ்க் தடங்களை ஒன்றின்மேல் ஒன்று ஏற்றி எழுதுவதால் தொடர்ந்து எழுதும்போது திணறும். புது டிஸ்க்கில் நகலை மறுபடி உருவாக்கும் ரெய்டு ரீபில்டு என்பதே தொடர்ந்து எழுதுவதுதான். டபிள்யூடி ரெட் வரிசையில் 2 முதல் 6 டிபி வரையான, மாடல் எண் ஈஎஃப்ஏஎக்ஸ் என்று முடியும் டிஸ்க்குகள் எஸ்எம்ஆர் என்பது 2020ல் வெளிவந்து பெரிய சண்டையானது. அந்தக் கம்பெனியில் எடுத்தால் ரெட் பிளஸ் என்று கேட்டு வாங்குங்கள்.

பெரிய டிஸ்க்குக்கு மாறும்போது முதலில் பேக்கப். அடுத்து, பெட்டியில் தங்கப்போகும் டிஸ்க்குக்கு ஸ்மார்ட் எக்ஸ்டெண்டட் டெஸ்ட். ரீபில்டு நடக்கும்போது அந்த ஒற்றை டிஸ்க்கை முழுதும் படித்தாக வேண்டும். இதுவரை யாரும் தொடாத மூலையில் கெட்ட செக்டர் இருந்தால் அப்போதுதான் வெளிப்படும். சரியென்றால் ஒன்றை மாற்றி ரிப்பேர் கொடுங்கள். 4 டிபி, நொடிக்கு 150 எம்பி என்றால் ஏழரை மணி நேரம். நடுவில் பெட்டியைப் பயன்படுத்தினால் இன்னும் இழுக்கும். முடிந்த பிறகே இரண்டாவது. அதுவும் மாறும் வரை கொள்ளளவு ஏறாது.

டிகிரேடட் என்று காட்டினால் டேட்டா இருக்கிறது, ஒரு நகல் குறைந்திருக்கிறது. பீப் சத்தத்தை அணைத்துவிட்டு நிதானமாக வேலை பார்க்கலாம். கிராஷ்டு என்று காட்டினால் எந்தப் பொத்தானையும் தொடாமல் அணையுங்கள்.

போர்டே போனால்

டிஎஸ்எம் இரண்டு டிஸ்க்கிலும் நகலாக இருப்பதால், அதே பெட்டியோ அதன் அடுத்த தலைமுறையோ கிடைத்தால் டிஸ்க்குகளை அதே வரிசையில் போட்டு ஆன் செய்தாலே மைக்ரேட் செய்யவா என்று கேட்கும். பெட்டி வாங்க மனமில்லையென்றால் பென்டிரைவிலிருந்து உபுண்டுவை ஓட்டி, ரெய்டையும் அதன் வால்யூமையும் திறக்கும் கருவிகளான எம்டிஏடிஎம், எல்விஎம்2 இரண்டையும் நிறுவி, ரெய்டை அசெம்பிள் செய்து, ரீட் ஒன்லியாக மவுண்ட் செய்யுங்கள். ரெய்டு 1 என்றால் ஒரு டிஸ்க் போதும். மற்றதைத் தொடாமல் ஓரமாக வையுங்கள். சிறிய இரண்டு பார்ட்டிஷன்கள் சிஸ்டமும் ஸ்வாப்பும், பெரியதில்தான் உங்கள் டேட்டா. பிடிஆர்எஃப்எஸ் என்ற ஃபைல் சிஸ்டத்தில் உள்ள வால்யூமை உபுண்டுவின் புதிய கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) ஏற்க மறுத்தால் உபுண்டு 18.04 போன்ற பழைய பதிப்பில் முயலுங்கள். சினாலஜி தன் பங்குக்குச் செய்த மாற்றங்களைப் புதிய கெர்னல் பிழையென்று எடுத்துக்கொள்வது உண்டு. அப்போது திரையில் வரும் பிழைச்செய்தியை நம்பி ரிப்பேர் கட்டளை எதுவும் ஓட்டாதீர்கள்.