தூங்கி விழும் சேவலுக்கு முதலில் என்ன செய்ய வேண்டும்?

சேவல் இறகைச் சிலுப்பிக்கொண்டு மூலையில் தூங்கி விழுந்தால், நம் திருநெல்வேலிப் பக்கத்தில் ஆளுக்கொரு மருந்து சொல்வார்கள். ஒருவர் 'அறுத்துக் குழம்பு வச்சிரு' என்பார். நோய்க்கோழியை அறுக்கவே கூடாது. ரத்தமும் இறகும் போகிற இடமெல்லாம் நோயும் போகும். எங்கள் வீட்டுச் சேவலைத் தேற்றியதில் மருந்தைவிடத் தண்ணீருக்குத்தான் பங்கு அதிகம் என்று நம்புகிறேன்.

முதலில் பிரித்து வையுங்கள். காற்று நேரே அடிக்காத இடத்தில் பஞ்சாரத்தை, அதாவது கோழி மூடும் கூடையை, போட்டுக் கவிழ்த்தால் போதும். அடியில் பழைய செய்தித்தாள் விரிப்பதுதான் என் வழக்கம். சாக்கு விரித்தால் எச்சத்தின் நிறம் தெரியாது. மற்ற கோழிகளுக்குத் தீனி வைத்த பிறகு, கடைசியாக இதனிடம் போங்கள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

அடுத்து, தடவிப் பாருங்கள். நெஞ்செலும்பு கத்திபோலக் கையில் குத்தினால் சேவல் பல நாளாகவே மெலிந்து வருகிறது என்று அர்த்தம். பேனோ குடற்புழுவோ காரணமாக இருக்கலாம். கழுத்துக்குக் கீழே இரை தங்கும் தீனிப்பையை விடியற்காலையில், இரை போடும் முன் தொட்டுப் பார்க்க வேண்டும். அப்போது அது காலியாக இருக்க வேண்டும். கல்லாக இறுகியிருந்தால் இரை அடைத்திருக்கிறது. தீனிப்பை தளதளவென்று இருந்து, வாயில் புளித்த வாடை வந்தாலும், தலைகீழாகப் பிடித்துக் கக்க வைக்காதீர்கள், மூச்சுக்குழாயில் இறங்கிவிடும்.

இனி தண்ணீர். அவசரப்பட்டால் சேவல் கையிலேயே போய்விடும் என்பதால் இதை நிதானமாகப் படியுங்கள். வாயைத் திறந்தால் நாக்குக்குப் பின்னால், நடுவில், ஒரு சின்னத் துளை திறந்து மூடுவது தெரியும். அதுதான் மூச்சுத்துளை. வாய்க்குள் நேராகத் தண்ணீரைப் பீய்ச்சினால் அதில் இறங்கும். சேவலை மடியில் நிமிர்த்தி உட்கார வைத்து, அலகின் ஓரத்தில் ஒரு சொட்டு விடுங்கள். அதுவே விழுங்கும். விழுங்கிய பிறகுதான் அடுத்த சொட்டு. இருமினாலோ தலையை உதறினாலோ உடனே விட்டுவிடுங்கள். ஊசி கழற்றிய சின்ன சிரிஞ்சைவிட இங்க் ஃபில்லர்தான் எனக்குப் பிடித்தது. சொட்டு கைக்கு அடங்கி விழும். தானாகக் குடிக்கிற சேவலுக்குப் புகட்டவே வேண்டாம், கிண்ணத்தை வைத்தால் போதும். மருந்துக்கடை ஓஆர்எஸ் பொட்டலத்தை அதில் போட்டிருக்கும் அளவுப்படி கரைத்து வையுங்கள். கருப்பட்டித் தண்ணீர் எல்லோரும் சொல்வதுதான், ஆனால் தீனிப்பை புளித்திருந்தால் இனிப்பு அதைக் கெடுக்கும்.

தண்ணீர் இறங்கி, தீனிப்பையும் காலியாகிறது என்றால் நொய்யரிசியைக் குழைய வேகவைத்துக் கொஞ்சமாகக் கொடுங்கள். கம்பு, சோளமெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

எச்சம் பச்சையும் வெள்ளையுமாக நீர்த்துப் போய், கழுத்தும் திருகினால் வெள்ளைக்கழிச்சலாக இருக்கலாம். ராணிக்கெட் என்பதும் இதுதான். வைரஸ் நோய், குணப்படுத்தும் மருந்து கிடையாது. ஆன்டிபயாட்டிக் மாத்திரையைப் பொடித்துப் போடுவது வீண். அருகில் இருக்கும் கால்நடை மருந்தகத்துக்குப் போங்கள். ராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது. இரண்டு மூன்று கோழிகள் திடீரென்று செத்தால் கண்டிப்பாகச் சொல்லிவிட வேண்டும். செத்ததைக் குளத்திலோ ஓடையிலோ வீசாமல், சுண்ணாம்பு போட்டு ஆழமாகப் புதையுங்கள்.

பிற்சேர்க்கை: 'நோய் வந்த சேவலுக்கே தடுப்பூசி போடலாமா அண்ணே?' என்று சிலர் கேட்டிருந்தார்கள். வேண்டாம். தடுப்பூசி நல்ல கோழிக்குத்தான். குஞ்சுக்கு ஏழாம் நாள் வாக்கில் கண்ணில் சொட்டு மருந்து, எட்டு வாரத்தில் இறக்கைக்கு அடியில் ஊசி. கால்நடைத் துறை வழக்கமாகப் பிப்ரவரியில் இலவச முகாம் நடத்தும், விசாரித்து வையுங்கள்.

இன்னொருவர், தேறிய சேவலைத் திரும்ப விட்டதும் மற்ற சேவல் கொத்திக் கொண்டையைக் கிழித்துவிட்டதாக எழுதியிருந்தார். இது நடக்கும். நோய் முழுதாக விட்ட பிறகு, சில நாள் பஞ்சாரத்தோடு முற்றத்தில் வையுங்கள், ஒன்றையொன்று பார்த்துப் பழகட்டும். அப்புறம் பொழுது சாய்ந்து எல்லாம் கூட்டில் அடைந்த பிறகு உள்ளே விடுங்கள். மறுநாள் காலையில் கூடு திறக்கும்போது பக்கத்திலேயே நில்லுங்கள்.